சான்றிதழ்களைப் பூட்டி வைத்த வருஷங்கள்

பிரார்த்தனை மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பட்டம்மா ஆயா முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஈர மண் வாசனையோடு பக்கத்துச் செக்கிலிருந்து புண்ணாக்கு வாசனையும் வந்தது. மூன்றாம் வகுப்பு ஜமீலா டீச்சர் என் அறைக் கதவருகே வந்து நின்றார். கையில் ஒரு தபால் அட்டை.

"சார், எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்லருந்து கார்டு வந்திருக்கு."

வாங்கிப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு. திங்கட்கிழமை, வேலூரில். அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும் என்று கடைசி வரி சொன்னது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. டீச்சர்தான் போட்டிருக்க வேண்டும்.

"சந்தோஷம்மா" என்றேன்.

"ஒரிஜினல் வேணும் சார். எஸ்.எஸ்.எல்.சி. புக்கும் ட்ரெயினிங் சர்டிபிகேட்டும். காட்டிட்டுக் கொண்டாந்து குடுத்துடறேன்."

அவருடைய சான்றிதழ்கள் எனக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் இருந்தன. பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியைகள் எல்லாருடைய சான்றிதழ்களும் அதற்குள்தான். பீரோவின் சாவி என் மேஜை டிராயரில் இருந்தது.

"பீரோ சாவி முதலாளிகிட்ட இருக்கும்மா. அவர் மெட்ராஸ் போயிருக்கார். வந்ததும் வாங்கித் தரேன்."

"எப்ப வருவாரு சார்?"

"ரெண்டு மூணு நாள்ல வந்துடுவார்."

முதலாளி மெட்ராஸ் போயிருந்தது உண்மை. மற்றது பொய். அன்று வியாழக்கிழமை.

இந்தத் தொடரில் இதுவரை பெரும்பாலும் மற்றவர்கள் எனக்குச் செய்ததையே எழுதி வந்திருக்கிறேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்த வாரம் எழுதப்போவது நான் ஒருவருக்குச் செய்தது.

வாடகை வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊரில் ஆங்கில வழிப் பள்ளிகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. எங்கள் முதலாளி, அரிசி மண்டி வைத்திருந்த தணிகாசலம், தன் பேரப் பிள்ளைகளுக்காக ஒன்றைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். பெரிய பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கூடத்தில் ஒன்றாம் வகுப்பு, நெல் கொட்டும் அறையில் இரண்டாம் வகுப்பு, மாடியில் மற்றவை. மாடி ஜன்னலைத் திறந்தால் மலை. மத்தியானத்துக்கு மேல் அந்தப் பாறை வாங்கி வைத்த வெயில் முழுவதும் எங்கள் மேல் வந்து விழும். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் குரங்கு. டிபன் டப்பாவைத் திறக்கத் தெரிந்த குரங்குகள்.

என்னைத் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். நான் எம்.ஏ., பி.டி. அந்த இரண்டும் பெயர்ப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்தன.

ஆசிரியைகள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் உள்ளூர்ப் பெண்கள். அரசாங்கம் கொடுப்பதில் பாதிகூட எங்களால் கொடுக்க முடியாது. வந்தவர்கள் கல்யாணம் ஆகும் வரை, அல்லது அரசாங்க வேலை கிடைக்கும் வரை இருப்பார்கள். அது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த முதல் சில வருஷங்களை இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பின்கட்டு வராந்தாவில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். நானும்தான். சாரதா டீச்சர் கொண்டு வரும் புளிக் குழம்பு யார் டப்பாவில் போய் முடியும் என்று சொல்ல முடியாது. நோன்பு மாதத்தில் ஜமீலா டீச்சர் சாப்பிடும் நேரத்துக்கு வரமாட்டார். முற்றத்தில் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் அவரே பார்த்துக்கொள்வார், மற்றவர்கள் நிதானமாகச் சாப்பிடலாம். அதற்குப் பதிலாகச் சாயங்காலம் அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போக, கடைசிப் பீரியடை யாராவது எடுத்துக்கொள்வார்கள். இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. தானாக நடந்தது.

தானாக நடந்த இன்னொன்றும் இருந்தது. ஒரு டீச்சர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், அவரே ஒரு பெண்ணைக் கூட்டி வந்து விடுவார். தங்கையோ, தெருவில் படித்த பெண்ணோ, கூடப் படித்தவளோ. ஒரு வாரம் அந்தப் பெண்ணை வகுப்பில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது, எவன் பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவான், எல்லாம் கைமாறும். பிறகு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்து வழியனுப்புவோம். போனவர்கள் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தால் பள்ளிக்கூடத்துக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள், இடுப்பில் குழந்தையோடு.

ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், பள்ளிக்கு ஆள் குறைந்ததே இல்லை. அது எப்படி நடந்தது என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

என் மருமகள் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஆட்கள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே தனி இலாகா உண்டாம். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மாமா பண்ணீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

மண்டிக்காரர் சொன்னது, நான் சொன்னது

ஒரு வருஷம் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் மூன்று டீச்சர்களுக்கு ஒரே சமயத்தில் அரசு வேலை உத்தரவு வந்துவிட்டது. உடனே போய்ச் சேர வேண்டும். ஒருவரால்தான் பதிலுக்கு ஆள் கொண்டு வந்து விட முடிந்தது. இரண்டு வகுப்புகள் டீச்சர் இல்லாமல் கிடந்தன. ஒரு பையனின் அப்பா, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர், முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்.

"பீஸ் வாங்கறீங்க இல்ல? மாசத்துக்கு ஒரு டீச்சர் வர்றா. என் லாட்ஜுல கூட ரூமுக்கு வர்றவன் இதவிட ஜாஸ்தி நாள் தங்கறான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாடியிலிருந்து டீச்சர்களும் கேட்டார்கள். அன்று சாயங்காலம் மண்டிக்குப் போனேன். தணிகாசலம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எம்.ஏ. படிச்சவரு, நாலு பொம்பளப் புள்ளைங்கள நிறுத்தி வெச்சுக்கத் தெரியலயே சார்" என்றார். கோபமில்லாமல், கேலியாகத்தான். "என் லாரி டிரைவருங்கள பாருங்க. எவனாவது நடுவுல ஓடறானா? லைசென்ஸ் எங்கிட்ட இருக்குது."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதே பேச்சு காதில் இருந்தது. மறுநாள் காலை நானே போய் அவரிடம் சொன்னேன். "டீச்சர்ங்க சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கலாம்."

இது அவருடைய யோசனை என்று பிறகு பல வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவர் தயங்கினார்.

"அது படிப்பு சம்பந்தப்பட்ட பேப்பராச்சே சார். லைசென்ஸ் மாதிரி இல்ல. குடுப்பாங்களா?"

"வேலைக்குச் சேரும்போது கேட்டா குடுப்பாங்க. இருக்கறவங்ககிட்ட பாதுகாப்புக்குன்னு சொல்லி வாங்கிடலாம்."

"என்னமோ, உங்க பாடு" என்றார்.

பழைய பீரோ ஒன்றை மண்டியிலிருந்து அனுப்பி வைத்தார். மூலையில் தவிட்டு வாசனை கடைசி வரை போகவில்லை. டீச்சர்கள் ஒவ்வொருவராகக் கொண்டு வந்து கொடுத்தார்கள். மஞ்சள் பை, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர், ஒருவர் தலையணை உறையில் சுற்றிக் கொண்டு வந்தார். ஜமீலா டீச்சருடையது ஒரு சின்னத் தகரப் பெட்டியில் இருந்தது. அவருடைய அத்தா இப்ராஹிம் பாய் செய்தது. கோயிலுக்கு மேற்கே ஒரு சந்தில் அவர் கடை. தகரப் பெட்டி செய்வார், பூட்டு சாவி பழுது பார்ப்பார். பெட்டி பீரோத் தட்டில் நுழையவில்லை. பேப்பர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

யாரும் போகவில்லை

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒருவர்கூட நடுவில் போகவில்லை. தலைமை ஆசிரியர்கள் கூடும் இடங்களில் இதைப் பெருமையாகச் சொன்னேன். போளூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதே வழியைப் பின்பற்றினார்கள். அங்கிருந்த தலைமை ஆசிரியர் எனக்கு நன்றி சொன்னார்.

வகுப்புகள் நடந்தன. நோட்டுகள் திருத்தப்பட்டன. குறை என்று கையைக் காட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்டு விழாவுக்கு முன்னால் சனிக்கிழமைகளில் வந்து காகிதப் பூ செய்பவர்கள் அந்த வருஷம் வரவில்லை. கூப்பிட்டேன், வந்தார்கள். கூப்பிடாமல் வரவில்லை. புது டீச்சர் யாராவது திணறினால் பக்கத்து வகுப்பிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை. பின்கட்டில் சாப்பாடு நடந்தது, நான் போனதும் பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் என் டப்பாவை அறைக்கே கொண்டு வரச் சொல்லிவிட்டேன்.

"என்ன பட்டம்மா, டீச்சருங்க எல்லாம் அமைதியா இருக்காங்களே" என்று ஆயாவிடம் ஒருநாள் கேட்டேன். நல்ல பதிலை எதிர்பார்த்துத்தான்.

"ஆமா சார். முன்னெல்லாம் நாலு மணி ஆனா தொரத்தி வுடணும் அவங்கள. இப்ப மணியில கை வெக்கறதுக்குள்ள செருப்ப மாட்டிக்கினு நிக்குதுங்க."

வந்து சேர்பவர்களும் மாறினார்கள். முன்பு தங்கைகளைக் கொண்டு வந்து விட்டவர்கள் இப்போது யாரையும் கூட்டி வரவில்லை. புதிதாக ஒரு பிரிவு தொடங்கியபோது டீச்சருக்குப் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டி வந்தது. வந்த பெண்ணிடம் சான்றிதழைக் கேட்டதும், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போனாள். திரும்பவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் இருபதுகளில் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எம்.ஏ. தேர்வு வந்தபோது விடுப்புக் கேட்கப் பயந்து, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி, எப்போதும் வெற்றிலை போட்டிருப்பவர், அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பரீட்சைன்னு எழுதுய்யா. பாஸ் பண்ணிட்டுப் போயிடுவேன்னு எனக்குத் தெரியாதா? போறவன் நல்லபடியா போவணும்" என்றார். நான் தலைமை ஆசிரியர் நாற்காலிக்கு வந்தது அன்று அவர் என்னைப் போக விட்டதால்தான். டீச்சர்களின் சான்றிதழ்களை அடுக்கி வைத்தபோது அவர் ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. இதை எழுதும்போதுதான் வருகிறார்.

வெள்ளி, சனி

வெள்ளிக்கிழமை காலை ஜமீலா டீச்சர் மறுபடி வந்தார்.

"முதலாளி வந்துட்டாரா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"போன் ஏதாவது பண்ணிக் கேக்க முடியுமா சார்?"

"எங்க தங்கியிருக்கார்னு தெரியலயே."

அவர் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனார். அன்று மூன்றாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு. பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வது என் அறை வரை கேட்டது. அவர் குரலும் அதில் இருந்தது, வழக்கம் போலவே.

ஏன் கொடுக்கவில்லை? அந்த வருஷம் பள்ளிக்கு அங்கீகாரம் கேட்டு எழுதியிருந்தோம். பயிற்சி பெற்ற டீச்சர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வருவார்கள். எங்களிடம் பயிற்சி பெற்றவர்கள் குறைவு, ஜமீலா டீச்சர் அதில் ஒருவர். இதைத்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. எங்கள் பள்ளியிலிருந்து யாரும் போவதில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒருவர் போய்விட்டால் அந்தப் பேச்சு போய்விடும்.

சனிக்கிழமை அரை நாள். பிள்ளைகள் போன பிறகு இப்ராஹிம் பாய் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தாடி, கையில் கருவிகள் போட்ட காக்கிப் பை. மகள் முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

"சலாம் சார்."

"வாங்க பாய், உக்காருங்க."

உட்காரவில்லை. "சாவி முதலாளிகிட்ட மாட்டிக்கிச்சுன்னு பாப்பா சொல்லிச்சு. அதான் பையோட வந்துட்டேன். இந்த பீரோ எனக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்ல சார். ஒரு கீறல் வுழாது. தொறந்து பேப்பர எடுத்துக்கினு, மறுபடி பூட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன். முதலாளி வந்தா நான் சொல்லிக்கறேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவை மூடினேன், திறந்தேன்.

"அது முறையா இருக்காது பாய். அவர் இல்லாதப்போ பீரோவ உடைச்சோம்னு ஆயிடும்."

"ஒடைக்கறது இல்ல சார். தொறக்கறது."

"இருந்தாலும் எல்லார் பேப்பரும் இருக்கு. நாளைக்கு ஒண்ணு காணோம்னா உங்க தலையில விழும்."

"நீங்க பக்கத்துலயே நில்லுங்க சார். உங்க கண்ணு முன்னாலயே தொறக்கறேன். அரை நிமிஷம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றார். வெளியே ஒரு குரங்கு தகரக் கூரையில் ஓடியது.

"சரிங்க சார்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "புள்ளைக்கு இது ஒரு சான்ஸு. அதான் கேட்டேன்."

அப்பாவும் மகளும் தெருமுனை வரை நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிராயரைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன்.

வேலூர்

இன்று போல் நகல் எடுக்கும் கடைகள் அப்போது இல்லை. டைப் அடித்து, கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிய நகல்கள் ஜமீலா டீச்சரிடம் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் அத்தாவோடு வேலூர் போனார். அசல் இல்லாமல் எதையும் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் கொண்டு வாருங்கள் என்று அவகாசம் கொடுத்தார்களாம். வேலூரிலிருந்து இங்கே வந்து மறுபடி வேலூர் போக அந்த நேரம் போதாது. போதுமென்றாலும் வந்து யாரிடம் கேட்பது? அவர்கள் அந்த ஆபீஸ் மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினார்கள் என்று சாரதா டீச்சர் பிறகு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை, மணிக்கு முன்பே ஜமீலா டீச்சர் வந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமைக் கட்டத்தில் விடுப்பு என்று எழுதினார். நான் ஏதாவது கேட்பேன் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவர் வகுப்புக்குப் போனார்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. இதை மறைக்க முடியாது. டீச்சர் போகவில்லை, இருக்கிறார் என்ற நிம்மதி.

தணிகாசலம் திங்கட்கிழமை இரவே ஊர் திரும்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தகரப் பெட்டி பாய் வந்திருந்தாரு. அடுத்த தடவைக்காவது பேப்பர் வேணும்னு பீரோ சாவி கேட்டாரு. எங்கிட்ட ஏது சார் சாவி? எல்லாம் சார்கிட்டதான்னு சொல்லிட்டேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா பண்ணீங்க சார். நான் மெட்ராஸ்ல அரிசி விலை பேசினு இருந்தேன். நீங்க என்னை ஒரு சாவியக் குடுத்து அங்க உக்கார வெச்சிட்டீங்க." இந்த முறை அவர் முகத்தில் கேலி இல்லை. "பாய் ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்காம போயிட்டாரு."

மறுநாள் காலைக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் தெரிந்துவிட்டது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். பல காரணங்கள் தயாராக வைத்திருந்தேன்.

கடைசி வேலை நாள்

ஏப்ரல் வரை ஜமீலா டீச்சர் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. பாடத்தை முழுவதும் முடித்தார். அங்கீகாரம் பார்க்க வந்த அதிகாரி மூன்றாம் வகுப்பில்தான் அதிக நேரம் நின்றார். அங்கீகாரம் கிடைத்தது.

கடைசி வேலை நாளன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு எல்லா டீச்சர்களும் என் அறைக்கு வந்தார்கள். வெளியே முற்றத்தில் சிலருடைய அப்பாக்களும் கணவன்மார்களும் நின்றார்கள். இப்ராஹிம் பாய் அவர்களில் இல்லை. சாரதா டீச்சர்தான் பேசினார்.

"சார், எங்க சர்டிபிகேட்டெல்லாம் குடுத்துடுங்க."

"லீவு முடிஞ்சு வாங்கம்மா. ஆபீஸ் கணக்கெல்லாம்..."

"இப்பவே குடுத்துடுங்க சார். நாங்க நிக்கறோம்."

குரலை உயர்த்தவில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு வழியில்லாமல் டிராயரைத் திறந்து சாவியை எடுத்தேன். அவர்கள் எல்லாரும் பார்க்க எடுத்தேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கிய கையோடு ஒவ்வொருவரும் விரித்துச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஜமீலா டீச்சர் தன்னுடையதை விரிக்கவில்லை. மடித்தபடி வாங்கிக்கொண்டு, "வரேன் சார்" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். அந்த இருவருக்கும் வீட்டில் கஷ்டம். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்றால், பெரும்பாலும் எங்கும் போகவில்லை. வேறு வேலை கிடைத்துப் போகவில்லை. சும்மா வீட்டில் இருந்தார்கள். எங்கள் பள்ளியில் வேலை பார்ப்பதைவிட வேலை இல்லாமல் இருப்பது அவர்களுக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

மூன்றாம் வகுப்பை நானே எடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு யாரும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரத் தெரிந்தவர்கள் இல்லை. சான்றிதழ் வாங்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன், ஆனால் ஊருக்குள் பெயர் பரவிவிட்டது. வந்தவர்கள் சில மாதங்களில் போனார்கள். சொல்லிக்கொள்ளாமலே போனார்கள். லாட்ஜ்காரர் தன் பையனை வேறு பள்ளிக்கு மாற்றினார். சில வருஷங்களில் தணிகாசலம் வேறொரு தலைமை ஆசிரியரைப் பார்த்துக்கொண்டார். நான் ஒரு டுடோரியல் கல்லூரியில் சேர்ந்தேன்.

செங்கம் பஸ்

ஜமீலா டீச்சருக்கு அடுத்த கார்டு வரப் பல வருஷம் ஆனது. அதுவரை அத்தாவின் கடை மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு காலை, பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். செங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். முன்நெற்றியில் நரை. ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேம்மா. நீங்க?"

"செங்கம் தாண்டி ஒரு ஸ்கூல்ல போஸ்டிங் ஆயிடுச்சு சார். மூணு வருஷம் ஆவுது."

"தெனம் போய் வர்றது கஷ்டமாச்சே. ஊருக்குப் பக்கத்துல ட்ரான்ஸ்பர் கேக்கலாமே?"

"கேட்டா கெடைக்கும் சார். எங்க ஹெட்மாஸ்டரே எழுதிக் குடுங்க, அனுப்பறேன்னு சொல்றாரு. அவர் அப்படிச் சொல்றதால போவ மனசு வரல."

அதில் குத்தல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தன் பள்ளியைப் பற்றித்தான் சொன்னார். நான் சொல்லிவிட்டேன். எந்த முன்னுரையும் இல்லாமல்.

"அன்னிக்கு சாவி எங்கிட்டதாம்மா இருந்துச்சு."

"தெரியும் சார்."

"முதலாளி சொன்னாரு, இல்ல?"

"அதுக்கு முன்னாலயே தெரியும். நான் கேட்டதும் நீங்க டிராயர் மேல கைய வெச்சிட்டீங்க. வியாழக்கிழமையே அத்தாகிட்ட சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "தெரிஞ்சுமா அவர் பையோட வந்தாரு?"

"அத்தாதான் சொன்னாரு. சார் ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, இப்ப எப்படி மாத்திச் சொல்வாரு, படிச்சவரு, கூச்சப்படுவாரு. நாம போய்த் தொறந்துட்டா அவருக்கும் சங்கடமில்ல, நம்ம வேலையும் ஆயிடும்னாரு." டீச்சர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். "அவருக்கு சாவி இல்லாம பூட்டத் தொறக்கற வேலை எல்லாம் யார் வீட்லயும் போய்ச் செய்யப் புடிக்காது சார். உங்களுக்காக வந்தாரு."

பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. அவர் ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்து, தலையை அசைத்து விடைபெற்றார். நானும் அசைத்தேன்.

இப்ராஹிம் பாயின் கடை அந்தப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். அன்று அவர் கடையில் இருந்திருப்பார். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். கோயிலுக்குப் போக எனக்கு அந்தச் சந்துதான் குறுக்கு வழி. அவர் இருந்த வரைக்கும் நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றித்தான் போனேன்.